ஆசிரியரின் மருத்துவச் செலவு: குறைகிறதா, தோள் மாறுகிறதா?

மண்சரிவுக்குப் பின் தகரக் கொட்டகையில் குடியிருந்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். தகப்பனார் முன்பு லீக்ஸும் கரட்டும் பயிரிட்டவர். மரக்கறித் தோட்டம் மண்ணுக்குள் போனபின் அவருக்கு எஞ்சியது நாட்கூலி வேலைதான். மூத்த மகள் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. மாதம் தவறாமல் அந்த வீட்டுக்கு வரும் பணம் அவருடைய சம்பளம் மட்டுமே. ஒருநாள் இரவு அந்தப் பிள்ளைக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. பித்தப்பையில் கல் என்றார்கள். பயத்தில் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தாயின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

பல மாதங்கள் கழித்து, பாடசாலையில் ஒரு மூத்த ஆசிரியர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "டீச்சர், காப்புறுதிக்கு எழுதினீங்களா?" அந்த ஆசிரியை விழித்தார். சம்பளத் துண்டை எடுத்துப் பார்த்தால், முதல் மாதத்திலிருந்தே காப்புறுதிக்கென்று ஒரு தொகை கழிபட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த வரியை அவர் ஒருபோதும் வாசித்ததில்லை. வாசிக்கச் சொல்லி எவரும் சொன்னதுமில்லை. பற்றுச்சீட்டுகளைத் தேடினார்கள். பாதி, கொட்டகைக்குள் ஒழுகிய மழையில் ஊறி எழுத்தழிந்து போயிருந்தன.

இந்தச் சம்பவத்தை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். பெருந்தொகையான ஆசிரியர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு நிருவாகம் அவர்களுடைய மருத்துவச் செலவை எவ்வாறு தாங்குகிறது? அச்செலவு ஏறும்போது அதைக் கட்டுப்படுத்த என்ன செய்கிறது? அப்படிச் செய்யும்போது சுமை உண்மையாகவே குறைகிறதா, அல்லது ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுகிறதா? இவைதான் நாம் ஆராயப்போகும் கேள்விகள்.

எமக்கு இதனால் என்ன?

"நாங்கள் காணியை இழந்து நிற்கிறோம். ஆசிரியர்மாரின் காப்புறுதி எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நிலத்தை விட்டு வந்த பல வீடுகளில் படித்த பிள்ளையின் சம்பளம்தான் இன்று பயிர். பத்தனை ஸ்ரீ பாத கல்வியியல் கல்லூரியில் படித்து வெளியேறிய எத்தனையோ பிள்ளைகள் லயத்துக் காம்பராவிலிருந்து போனவர்கள். அந்தப் பிள்ளை நோயில் விழுந்தால் வீடே விழுகிறது.

இரண்டாவது, அரசாங்கம் செலவிடும் பணம் வானத்திலிருந்து வருவதில்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. கடையில் சாமான் வாங்கும் ஒவ்வொரு ஏழையும் அந்த வரியில் பங்கு கொடுக்கிறார். ஆகவே ஆசிரியரின் மருத்துவச் செலவில் எமது காசும் இருக்கிறது. அது எப்படிச் செலவாகிறது என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, ஆசிரியர் நோயோடு இழுபட்டால் வகுப்பு மூடப்படுகிறது. ஆளுக்கு இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்கும் சிறிய தோட்டப் பாடசாலையில், ஒருவர் ஒரு மாதம் படுத்தால் அந்த மாதம் பிள்ளைகளின் கணக்கிலிருந்து போய்விடும்.

சங்கக் கணக்கு

காப்புறுதி என்ற சொல் பெரிதாகத் தோன்றலாம். எமது ஊர்களில் இருக்கும் மரண உதவிச் சங்கத்தைத் தெரிந்தவருக்கு அது புதிதல்ல. எல்லோரும் சிறிது போடுகிறோம். துன்பம் வந்த வீட்டுக்கு மொத்தமாகக் கொடுக்கிறோம். துன்பம் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வராது என்பதே அதன் அடிப்படை.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் வீதம் ஒரு மருத்துவ நிதிக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய், வருடத்திற்கு 120,000 ரூபாய் சேரும். ஒரு சத்திரசிகிச்சைக்கு 30,000 ரூபாய் கொடுப்பதானால், வருடத்தில் நாலு பேருக்குக் கொடுக்கலாம். அதே வருடத்தில் ஐந்தாவது நோயாளி வந்து நின்றால் சங்கம் என்ன செய்யும்?

சந்தாவைக் கூட்டலாம். கொடுக்கும் தொகையைக் குறைத்து, மீதியை நோயாளி வீட்டாரே தேடிக்கொள்ளட்டும் எனலாம். "உங்கள் வீட்டில் கிழவர் இருக்கிறார், நோயாளி இருக்கிறார், உங்களைச் சேர்க்கமாட்டோம்" என்று சிலரை வெளியே விடலாம். இந்த மூன்று வழிகளிலும் சத்திரசிகிச்சையின் விலை அதே 30,000 ரூபாய்தான். அதைச் சுமப்பவர் மட்டுமே மாறுகிறார்.

நாலாவது வழி ஒன்றுண்டு. சங்கமே வைத்தியசாலையோடு பேசி, "எங்கள் ஆட்கள் எல்லோரையும் உங்களிடமே அனுப்புகிறோம், 24,000 ரூபாய்க்குச் செய்து தாருங்கள்" என்று விலையை இறக்கலாம். அப்போது அதே 120,000 ரூபாயில் ஐந்து பேருக்குச் சிகிச்சை கிடைக்கும். அல்லது நோய் முற்றுமுன் கண்டுபிடித்து, ஐந்து சத்திரசிகிச்சையை நாலாகக் குறைக்கலாம். இதுதான் உண்மையான குறைப்பு.

இந்தச் சிறிய கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலட்சக்கணக்கான ஆசிரியர்களை வைத்திருக்கும் நிருவாகத்தின் முன்னாலும் இதே நாலு வழிகள்தான் இருக்கின்றன.

எமது பாட்டன்மார் கண்டது

வேலைகொடுப்பவர் மருத்துவச் செலவைத் தாங்குவது மலையகத்துக்குப் பழைய விடயம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் வழியிலும் லயங்களிலும் நோயால் மடிந்தபோது, அரசாங்கம் 1872, 1880, 1912 ஆகிய ஆண்டுகளில் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டங்களைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை தோட்ட நிருவாகத்தின் பொறுப்புகளுள் ஒன்றாயிற்று. அன்றும் செலவு பற்றிய முறைப்பாடு எழுந்தது. பல தோட்டங்கள் கண்ட வழி, முழு வைத்தியசாலைக்குப் பதில் ஒரு டிஸ்பென்சரி, வைத்தியருக்குப் பதில் ஒரு மருந்து ஐயா என்பதே. ஏடுகளில் செலவு குறைந்தது. துண்டு வாங்கி, கம்பளியில் நோயாளியைக் கட்டித் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தவர்களின் தோளில் அது ஏறியது. தோள் மாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆசிரியருக்கு இன்று உள்ள ஏற்பாடு

இலங்கையில் சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். நாட்டில் இவ்வளவு பேருக்கு ஒரே தொழிலில் சம்பளம் கொடுக்கும் இடங்கள் மிகச் சில. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை மாகாணங்களின் கீழும் இயங்குகின்றன. நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த வலயங்களில் உள்ள தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் இதற்குள் அடங்குவர்.

இவர்களுக்கும் ஏனைய அரச ஊழியருக்கும் பொதுவாக உள்ளது 'அக்ரஹார' என்ற மருத்துவக் காப்புறுதித் திட்டம். 1997இல் தொடங்கிய இத்திட்டத்தை, 2006 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. மாதாந்தம் சம்பளத்திலிருந்து சந்தா கழிக்கப்படும். சாதாரணம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு. கூடிய சந்தாவுக்குக் கூடிய நன்மை. ஒவ்வொரு வகைச் சிகிச்சைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. தனியார் வைத்தியசாலைக் கட்டணம் எவ்வளவாக இருந்தாலும், அந்த வரம்புக்கு மேல் நிதியம் கொடுக்காது.

இத்திட்டத்தில் ஒரு நல்ல அம்சத்தைக் கவனிக்கவேண்டும். அரச வைத்தியசாலையின் கட்டணமற்ற வாட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றாலும், தங்கிய நாட்களுக்கு ஒரு தொகை கிடைக்கும். "இலவசச் சிகிச்சைக்கு ஏன் காசு?" என்று சிலர் கேட்கிறார்கள். நோயாளி அரச வைத்தியசாலையைத் தெரிவுசெய்தால் நிதியத்துக்குப் பெரிய கட்டணம் மிச்சம். குடும்பத்துக்கோ பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஓர் ஆறுதல். இரு பக்கமும் பயன் பெறும் கட்டுப்பாடு இது.

இனி நாலு வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாம் வழி: சந்தாவைக் கூட்டுதல்

இதற்குத் தமிழ்நாட்டில் தெளிவான உதாரணம் உண்டு. அங்கே அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் 2008இல் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, மாதச் சந்தா 25 ரூபாய். நாலு ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2012இல் சந்தா 150 ரூபாயாகவும், வரம்பு 4 இலட்சமாகவும் உயர்ந்தன. 2016இல் சந்தா 180 ரூபாய். 2021 ஜூலையில் தொடங்கிய தவணையில் சந்தா 300 ரூபாய், வரம்பு 5 இலட்சம். பட்டியலில் உள்ள சில கடும் நோய்களுக்கு 10 இலட்சம்.

கணக்கைப் பாருங்கள். 13 வருடங்களில் சந்தா 12 மடங்காயிற்று. பொது வரம்பு இரண்டரை மடங்காயிற்று. அந்த 13 வருடங்களில் சம்பளமும் விலைவாசியும் ஏறின என்பதை மறக்கலாகாது. ஆயினும் ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. கேரளத்தில் 2022 ஜூலையில் 'மெடிசெப்' திட்டம் தொடங்கியபோது, மாதச் சந்தா 500 ரூபாயாக இருந்தது. அப்போது வருடத்துக்கு 3 இலட்சம் வரை சிகிச்சை கிடைத்தது.

சந்தாவைக் கூட்டுவது தவறென்று நாம் சொல்லவில்லை. எல்லோரும் சிறிது கூட்டிப் போடுவது நோயாளி ஒருவரே முழுவதும் சுமப்பதைவிட நல்லது. ஆனால் விலை ஏறும் காரணத்தைத் தொடாமல் சந்தாவை மட்டும் கூட்டினால், அடுத்த தவணையில் திரும்பவும் கூட்ட நேரிடும். ஓட்டைப் பீப்பாய்க்குத் தண்ணீர் ஊற்றிய கதையாகும்.

இரண்டாம் வழி: நோயாளியிடம் ஒரு பங்கை அறவிடுதல்

"கைக்காசு கொஞ்சம் போட வைத்தால், தேவையில்லாமல் வைத்தியரிடம் போகமாட்டார்கள்" என்பது இதன் வாதம். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1974 முதல் 1982 வரை 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. சிலருக்கு முற்றிலும் இலவசம். மற்றவர்கள் வெவ்வேறு அளவில் தம் கையால் பங்கு செலுத்தவேண்டும். பங்கு செலுத்தியவர்கள் வைத்தியரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள், செலவும் குறைந்தது. ஆனால் அவர்கள் தேவையற்ற சிகிச்சையை மாத்திரம் விட்டுவிடவில்லை. தேவையான சிகிச்சையையும் அதே அளவுக்கு விட்டார்கள். குருதி அமுக்கம் கூடிய ஏழைகளைப் பொறுத்தவரையில், இலவசச் சிகிச்சை பெற்றவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள்.

இது எமக்குத் தெரிந்த உண்மைதானே? கையில் காசில்லாத நாளில், காய்ச்சல் சும்மா வந்ததா டெங்குவா என்று பிரித்துப் பார்க்க எம்மால் முடியுமா? இரண்டுக்கும் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுக்கிறோம்.

இதே வழியை அதிகமாக இழுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலம் காட்டியது. அதுவும் ஒரு மலைநாடு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் வாழும் பூமி. அங்கே ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் ஒரே மருத்துவக் காப்புறுதியில் இருக்கிறார்கள். செலவு ஏற ஏற, ஊழியர் செலுத்தும் பங்கும் ஏறியது. அத்தோடு, நடையும் உடற்பயிற்சியும் கைத்தொலைபேசிச் செயலி மூலம் பதிவாகவேண்டும், போதிய புள்ளி எடுக்காதவர் மாதம் 25 டொலர் கூடுதலாகக் கட்டவேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. சம்பளமோ ஏறவில்லை. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி, 55 மாவட்டங்களிலும் சுமார் 20,000 ஆசிரியர்கள் பாடசாலைகளை விட்டு வெளியேறினார்கள். 1921இல் சுரங்கத் தொழிலாளர் கழுத்தில் கட்டிய சிவப்புத் துண்டை நினைவுகூர்ந்து, சிலர் அதேபோலக் கட்டிக்கொண்டார்கள். பாடசாலைச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாதென்று உணவுப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டே வேலைநிறுத்தத்துக்குப் போனார்கள். ஒன்பது பாடசாலை நாட்களின் பின் 5 வீதச் சம்பள உயர்வோடு அது முடிந்தது. காப்புறுதிக் கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டு, நிரந்தர வழி தேட ஒரு குழு அமைக்கப்பட்டது. செலவை மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் ஒரு மாநிலத்தின் வகுப்பறைகள் எல்லாம் மூடப்பட்டன.

மூன்றாம் வழி: ஆட்களை வெளியே விடுதல்

எந்தக் காப்புறுதித் திட்டத்திலும் 'குடும்பம்' என்றால் யார் என்று ஒரு வரையறை இருக்கும். எம்மவர் கவனிக்கத் தவறும் இடம் இது. தமிழ்நாட்டுத் திட்டத்தில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் குடும்பத்தில் அடங்குவர். திருமணமாகாத ஊழியருக்குப் பெற்றோரும் அடங்குவர். திருமணம் முடிந்ததும் பெற்றோர் வெளியே போய்விடுவர்.

தாளில் இது ஒரு சிறிய விதி. காணியிழந்த வீட்டில் இது பெரிய அடி. வயல் இருந்தால் வயோதிபருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கும். வயலும் இல்லை, மகளின் கலியாணத்தோடு காப்புறுதியும் இல்லை என்றால், வயதான காலத்தில் அந்தத் தகப்பனும் தாயும் எங்கே போவார்கள்? அதிகம் நோய்ப்படும் வயதில் இருப்பவரை வெளியே விடுவதால் திட்டத்தின் செலவு நிச்சயம் குறையும். நோய் குறைவதில்லை. கேரளத்து மெடிசெப் திட்டம் ஓய்வூதியகாரரையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. சந்தா கூடுவதற்கு அது ஒரு காரணம். ஆயினும் நியாயமான காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே உங்கள் பிள்ளை எந்தத் திட்டத்தில் இருந்தாலும், யார் யார் உள்ளே, எத்தனை வயது வரை, கலியாணத்தின் பின் என்ன என்ற மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வழி: விலையையே இறக்குதல்

இங்கேதான் உண்மையான குறைப்பு இருக்கிறது. மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

கலிபோர்னியா மாநிலத்தில் அரச ஊழியருக்கும் பாடசாலை ஊழியர் பலருக்கும் மருத்துவக் காப்புறுதியை நடத்தும் ஒரு பெரிய ஓய்வூதிய நிறுவனம் உண்டு. இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் மாற்றும் சத்திரசிகிச்சைக்கு, ஒரு வைத்தியசாலை 15,000 டொலரும் இன்னொன்று 110,000 டொலரும் வாங்குவதை அது கண்டது. தரத்தில் அதற்கேற்ற வித்தியாசம் இருக்கவில்லை. 2011இல் அந்நிறுவனம், "30,000 டொலர் வரை நாம் கொடுப்போம். அந்த விலைக்கு நன்றாகச் செய்யும் வைத்தியசாலைகளின் பட்டியல் இது. வேறிடம் போனால் மிகுதியை நீங்களே கொடுக்கவேண்டும்" என்று உறுப்பினருக்கு அறிவித்தது. கிட்டிய தூரத்தில் பட்டியல் வைத்தியசாலை இல்லாதவருக்கு விதிவிலக்கும் கொடுத்தது. நோயாளர் இடம் மாறினார்கள். அதைக் கண்ட விலை கூடிய வைத்தியசாலைகள் தாமாகவே விலையை இறக்கின. சராசரி விலை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. சிகிச்சையின் தரம் குறையவில்லை.

இங்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அக்ரஹாரவிலும் இருக்கிறது. வித்தியாசம் எங்கே? அந்த விலைக்கு எங்கே போகலாம் என்ற பட்டியலைச் சேர்த்துக் கொடுத்ததில்தான். பட்டியல் இல்லாத உச்சவரம்பு பெரும்பாலும் நோயாளியின் தலையில் விடியும். பட்டியலோடு கூடிய உச்சவரம்பு விலையை இறக்கும்.

இரண்டாவது உதாரணம் எமது நாட்டிலேயே பிறந்தது. பேராசிரியர் சேனக பிபிலே வகுத்துக் கொடுத்த கொள்கையின்படி, 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைகளில் நாட்டுக்குள் வருவதை அவர் எடுத்துக்காட்டினார். இறக்குமதியாகும் மருந்து வகைகள் சுமார் 2,100இலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. கம்பனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயரில், நாட்டுக்கே மொத்தமாக விலைமனுக் கோரி வாங்கப்பட்டது. அவர் 1977இல் காலமானார். அவருடைய வழியைப் பல நாடுகள் படித்துப் பின்பற்றின. 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. இவற்றால் ஆசிரியரும் பயன் பெற்றார், கொழுந்து பறிப்பவரும் பயன் பெற்றார், காணி இழந்தவரும் பயன் பெற்றார்.

மூன்றாவது, 1951 முதல் கட்டணமின்றி நடக்கும் எமது அரச வைத்தியசாலைகள். மேற்கு வேர்ஜினியாவின் ஆசிரியருக்கு இல்லாத ஒன்று ஹட்டன் ஆசிரியருக்கு உண்டென்றால் அது இதுவே. டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் புதிய 150 கட்டில் கட்டடம் 2017இல் திறக்கப்பட்டபோது, அதனால் பயன்பெறும் ஆசிரியரின் காப்புறுதிச் செலவும் ஒருவகையில் குறைந்தது. மாறாக, 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பாடானபோது, நோயாளர் துண்டோடு வெளிமருந்தகங்களுக்கு அலைந்தார்கள். அரசின் கணக்கில் எழுதப்படாத அந்தச் செலவு வீட்டின் கணக்கில் எழுதப்பட்டது. அரச வைத்தியசாலை நலிந்தால் எந்தக் காப்புறுதியும் எம்மைக் காப்பாற்றாது.

இவற்றோடு நோயை முன்கூட்டிப் பிடிப்பதையும் சேர்க்கவேண்டும். நீரிழிவும் குருதி அமுக்கமும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. கவனிக்காது விட்டால் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கண்ணையும் தாக்கும். ஒரு மாத்திரையோடு போகவேண்டியது இயந்திரத்தில் குருதி சுத்திகரிப்பதில் முடியும். அரச வைத்தியசாலைகளில் நடக்கும் சுகவாழ்வு நிலையங்களில் இவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம். மேற்கு வேர்ஜினியாவில் செய்ததுபோல அபராதம் போட்டு மிரட்டவேண்டியதில்லை. பரிசோதனைக்குப் போக ஆசிரியருக்கு அரை நாள் லீவும், போகும் வழியில் ஒரு பஸ்ஸும் இருந்தால் போதும்.

இப்பொழுது நாம் செய்யக்கூடியவை

1. சம்பளத் துண்டைக் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். எதற்கு எவ்வளவு கழிகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். எந்தப் படியில் இருக்கிறார் என்பதையும் கேளுங்கள்.

2. கலியாணம், குழந்தைப் பிறப்பு, மரணம் நேர்ந்ததும் காப்புறுதியில் உள்ள குடும்ப விபரத்தைத் திருத்துங்கள். அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ கேட்டால் வழி தெரியும்.

3. வைத்தியசாலையிலிருந்து வரும்போது நோய் நிர்ணய அட்டையையும் மூலப் பற்றுச்சீட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை வைக்கும் அதே பொலித்தீன் பையில் இவற்றையும் போட்டுக் கட்டி வையுங்கள். திரும்பவும் இடம்பெயர நேர்ந்தால் கையில் எடுக்கவேண்டிய முதல் பை அதுவே.

4. விண்ணப்பத்துக்குக் காலவரம்பு உண்டு. வீடு வந்த வாரமே படிவத்தை நிரப்புங்கள்.

5. அவசரமில்லாத சத்திரசிகிச்சை என்றால் முதலில் அரச வைத்தியசாலையில் கேளுங்கள். தனியாருக்குத்தான் போகவேண்டுமென்றால், மொத்தம் எவ்வளவு, காப்புறுதி எவ்வளவு தரும், மீதி எவ்வளவு என்ற மூன்று எண்களையும் எழுதிப் பார்த்த பின் போங்கள்.

6. மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி வைத்தியரிடம் பணிவாகக் கேளுங்கள். அரச ஒசுசல மருந்தகத்தில் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

7. ஆசிரியர் சங்கங்களில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசாமல், எந்த விலைக்கு எந்த வைத்தியசாலை என்ற பட்டியலையும், பெற்றோரைச் சேர்ப்பதையும் கேட்கட்டும்.

ஆசிரியர் இல்லாத வீடுகளுக்கும் இந்த நாலு வழிக் கணக்கு பயன்படும். உங்கள் குடியிருப்பில் மருத்துவ நிதி தொடங்குவதானால், சேர்ந்த பணம் முழுவதையும் கொடுத்துவிடாமல் ஒரு பகுதியைக் கையிருப்பாக வையுங்கள். எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முகம் பார்த்துக் கொடுத்த சங்கங்கள் நிலைத்ததில்லை. வயோதிபரை வெளியே விடாதீர்கள். நிதியில் ஒரு சிறு பங்கை எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் வாகனச் செலவுக்கு ஒதுக்குங்கள். மிகக் குறைந்த செலவில் மிகக் கூடிய பலன் அதில்தான் கிடைக்கும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த வீட்டுக்குப் பின்னொரு நாள் போனோம். அடகுச் சங்கிலி இன்னும் மீளவில்லை. ஆனால் கூரைக்கம்பில் ஒரு பிஸ்கட் டின் தொங்கியது. உள்ளே பொலித்தீனில் சுற்றிய கடதாசிகள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தகப்பனார் சம்பள நாளில் மகளிடம் ஒரு கேள்வி கேட்பாராம்: "இந்த மாதம் எதுக்கெல்லாம் வெட்டியிருக்கிறாங்க, வாசிச்சுச் சொல்லு." ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி எழவேண்டும். அதே கேள்வியை அலுவலகங்களின் முன்னும் நாம் கேட்கவேண்டும்: செலவு குறைந்தது என்கிறீர்கள், அது இப்போது யாருடைய தோளில் இருக்கிறது?

குழுவில் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் கடந்த ஒரு வருடத்தில் நோய்க்காக அடகுவைத்த, கடன்பட்ட வீடுகள் எத்தனை? அவற்றுள் காப்புறுதி இருந்தும் பயன்படுத்தாதவை எத்தனை?

2. மேலே சொன்ன நாலு வழிகளில், எமது சங்கங்கள் இதுவரை எந்த வழியை அதிகம் பின்பற்றின? அதனால் பாதிக்கப்பட்டவர் யார்?

3. கிட்டிய அரச வைத்தியசாலையில் இல்லாததால் நாம் வெளியே பணம் கொடுத்துப் பெறும் சேவைகள் எவை? அவற்றை யாரிடம், எப்படிக் கேட்கலாம்?